தேவர்களின் பதவியும் சிவபெருமானின் ஐந்தொழிலும்

திருச்சிற்றம்பலம்.



திண்டுக்கல் நாகல் நகரிலே வாழும் ஓர் அடியவர் ஓராண்டுக்குள் எத்தனை சந்நிதிகளில் கைகூப்புகின்றார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தறியோசையிலே வளர்ந்த சௌராட்டிரப் பெருமக்கள் வாழும் அப்பகுதியிலே வரதராசப் பெருமாள் எழுந்தருளியிருக்கின்றார். நகரின் நடுவே காளத்தீசுவரரும் ஞானாம்பிகையும், பத்மகிரீசுவரரும் அபிராமியும் என இரு சிவ சந்நிதிகளும் இரு அம்மன் சந்நிதிகளும் ஒரே மதிலுக்குள் விளங்குகின்றன. மாசி மாதம் வந்தால் மலைக்கோட்டை அடிவாரத்துக் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். சித்திரையில் தாடிக்கொம்புச் சௌந்தரராசப் பெருமாளுக்குத் திருவிழா. தைப்பூசத்திற்கோ பழனிக்குப் பாதயாத்திரை. இத்தனைக்கும் நடுவே, எச்செயலைத் தொடங்கினும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

இது நம் நாட்டார்க்கு இயல்பான வாழ்க்கை. ஆயினும் இவ்வியல்பின் அடியிலே ஓர் அச்சமும் ஒளிந்திருக்கின்றது. பெருமாளைக் குலதெய்வமாகக் கொண்ட இல்லத்திலே பிறந்த பெண் சைவ இல்லத்திலே வாழ்க்கைப்படுகின்றாள். குழந்தைக்கு அம்மை கண்டபோது மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கின்றாள். பின்னர் ஒருநாள், “சிறுதெய்வத்துக்கு நேர்ந்ததால் பெருந்தெய்வத்தின் கோபம் வந்தது” என்று எவரோ ஒருவர் சொல்லிவிடுகின்றார். அன்று முதல் அவள் எந்தச் சந்நிதியில் நின்றாலும் இன்னொரு சந்நிதிக்கு அஞ்சியே நிற்கின்றாள். அன்பினாலே நிகழவேண்டிய வழிபாடு இவ்வாறு அச்சத்தினாலே நிகழ்வதாயின், அது நீக்கப்படவேண்டிய நோயன்றோ? அந்நோய்க்கு மருந்து, தெய்வங்கள் யாவர், அவர்தம் பதவிகள் எவ்வாறு வந்தன என்பவற்றை முறையாக அறிதலே ஆகும்.

தேவர்கள் எத்துணையர் என்னும் வினா நமக்குப் புதியதன்று. பிருகதாரணியக உபநிடதத்திலே, சனக மன்னனுடைய அவையில், சாகல்லியர் என்பார் யாஞ்ஞவல்கிய முனிவரை இதனையே வினவுகின்றார். முனிவர் முதலில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஓர் எண்ணைச் சொல்கின்றார். “சரி, உண்மையில் எத்துணையர்?” என்று மீண்டும் வினவ, முப்பத்து மூவர் என்கின்றார். மீண்டும் மீண்டும் அதே வினா எழ, அறுவர், மூவர், இருவர், ஒன்றரையர் என்று எண் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் ஒருவர் என்பதிலே நிற்கின்றது. முனிவர் முன்னே சொன்ன எண்ணை எதனையும் பொய்யென்று தள்ளவில்லை என்பதை நோக்குதல் வேண்டும். பலரெனக் கண்டவர் ஒருவருடைய ஆற்றலின் விரிவே என்று காட்டினாரேயன்றிப் பலரையும் இல்லையென்றாரல்லர். அதே அவையிலே கார்க்கி என்னும் பெண்மணி எழுந்து, இவ்வுலகம் எதன்மேல் பாவும் ஊடையுமாக நெய்யப்பட்டுள்ளது என்று வினவுகின்றாள். நெசவாளர் வாழும் ஊருக்கு இதனினும் பொருத்தமான வினா வேறு கிடைத்தல் அரிது.

இனித் தெய்வங்களின் தோற்றம் என்னும் சொல்லைத் தெளிந்துகொள்வோம். சைவர்க்கு இறைவன் பிறப்பிலி. ஆதலின் தோற்றம் என்பது இறைவன் தோன்றிய காலத்தைக் குறிப்பதன்று. இன்ன பெயரோடும் வடிவோடும் மக்கள் அவனை அறியத் தொடங்கிய காலத்தையே குறிப்பதாம். அவ்வகையில் வரலாற்றை நோக்கினால் வியப்பான செய்திகள் பல உள. இருக்கு வேதத்திலே 1,028 பாடல்கள். அவற்றுள் ஏறத்தாழ 250 இந்திரனுக்குரியவை. உருத்திரனை மட்டுமே முழுதும் போற்றுவன மூன்றே. எசுர் வேதத்திற்கு வந்தாலோ, திருவுருத்திரம் என்னும் பெரும்பகுதியே அப்பெருமானுக்கு அமைந்து, அதன் எட்டாம் அநுவாகத்திலே நம் திருவைந்தெழுத்து வீற்றிருக்கின்றது.

தமிழகத்தின் நிலை என்ன? தொல்காப்பியம் காட்டுக்கு மாயோனையும், மலைக்குச் சேயோனையும், வயலுக்கு வேந்தனையும், கடற்கரைக்கு வருணனையும் தெய்வமாக வைக்கின்றது. சிவபெருமான் எந்நிலத்துக்கும் உரியவராக அங்கே சொல்லப்படவில்லை. இதனைக் காட்டி, அக்காலத் தமிழர் சிவனை அறியார் என்பாரும் உளர். அது பொருந்தாது. புறநானூற்றின் ஆறாம் பாட்டிலே, பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நோக்கிக் காரிகிழார் என்னும் புலவர், முக்கட் பெருமானின் கோயிலை வலம்வரும்போது மட்டும் உன் வெண்கொற்றக்குடை தாழட்டும் என்னும் கருத்துப்படப் பாடுகின்றார். எவர்க்கும் தாழாத குடை அச்சந்நிதியில் தாழ்ந்தது. ஒரு நிலத்துக்கு வரையறுக்கப்படாதவர் என்பதே அவரை நானிலத் தெய்வங்களோடு சேர்த்து எண்ணாமைக்குக் காரணம் எனக் கொள்வது நம் கருத்து.

அந்நான்கு தெய்வங்களுள் இருவர் பின்னாளில் என்னவாயினர்? புகாரிலே இந்திரனுக்கு எடுத்த விழாவைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் விரித்துரைக்கின்றன. இன்று இந்திரனுக்கென ஊர்கூடி எடுக்கும் விழா தமிழகத்தில் எங்கே? வருணனைத் திசைகாவலருள் ஒருவராகவே காண்கின்றோம். வேதத்திலே பெரும்பகுதி பெற்ற இந்திரனும் கோயில் விமானத்தின் கீழ்த்திசையிலே காவல் நிற்கின்றான். பதவிகள் வளரும், தேயும் என்பதற்கு வரலாறே சான்று.

இதனினும் நுட்பமான சான்று விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டிலே உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் சமைத்தான். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதையும் இன்றிப் பிரமனுக்கும் ஈசுவரனுக்கும் திருமாலுக்கும் அமைத்த இல்லம் இது எனக் கல்வெட்டும் பொறித்தான். மூவர்க்கும் ஒரே குடைவரை. அவருள் பிரமனுக்கும் இடம் உண்டு. அத்தகைய பிரமனுக்கு இன்று தனிக்கோயில் காண்பது மிக அரிது. சிவாலயங்களின் கருவறை வடபுறக் கோட்டத்திலே நின்று, சென்றவர் வணங்கினும் வணங்காவிடினும் அமைதியாகக் காட்சி தருகின்றார். அடிமுடி தேடிய நாளில் பொய்யுரைத்தமையால் வழிபாடு இழந்தார் என்பது புராணம்.

படைப்புத் தொழிலுக்கு உரியவர் ஏன் இவ்வாறு ஒதுங்கி நிற்கவேண்டும்? இவ்வினாவிற்கு விடை தேடத் திண்டுக்கல்லை விட்டு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. ஊருக்கே அடையாளமாக நிற்கும் பாறைமலையின் பழம்பெயர் பத்மகிரி. தாமரையில் அமர்ந்த பிரமதேவர் இங்கே தவமிருந்து சிவபெருமானை வழிபட்டமையால் இப்பெயர் வந்தது என்பது தலமரபு. அப்பெருமானே பத்மகிரீசுவரர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மதுரை நாயக்கர் அம்மலையைக் கோட்டையாக்கினர். 1755-இல் ஐதர் அலி படைத்தலைவராக வந்தார்; 1790-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இக்குழப்பங்களினூடே மலைமேல் வீற்றிருந்த சுவாமியும் அபிராமியும் கீழே காளத்தீசுவரர் ஆலயத்தில் எழுந்தருள நேர்ந்தது. மலைமேல் இன்று காண்பது திருமேனியில்லாத கற்றளியே. ஆயினும் படைப்போன் பணிந்த பெருமான் நகர மாந்தர் நாள்தோறும் காண எளியராய் இறங்கி வந்தார் என எண்ணும்போது, இழப்பினூடும் ஓர் அருள் தோன்றவே செய்கின்றது.

பத்மகிரியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பழனி. 1985-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் அமைந்தபோது இவ்விரு மலைகளும் ஒரு மாவட்டத்துள் அடங்கின. பழனி அடிவாரத்துத் திருஆவினன்குடியை நக்கீரர் திருமுருகாற்றுப்படையிலே பாடுமிடத்து ஓர் அரிய காட்சியைக் காட்டுகின்றார். கருடக் கொடியோனாகிய திருமாலும், முப்புரம் எரித்த பெருமானும், ஆயிரங் கண்ணுடைய இந்திரனும், ஆதித்தர் பன்னிருவர், உருத்திரர் பதினொருவர், வசுக்கள் எண்மர், மருத்துவர் இருவர் ஆகிய முப்பத்து மூவரும் முருகப்பெருமானிடம் வருகின்றனர். எதற்காக? தொழிலிழந்த நான்முகன்பொருட்டு. யாஞ்ஞவல்கியர் சொன்ன அதே முப்பத்து மூவர் கணக்கு, மருத்துவர் இருவர்க்கு மாறாக இந்திரனையும் பிரசாபதியையும் கொண்ட சிறு வேற்றுமையோடு, நம் சங்கத் தமிழிலும் விளங்குகின்றது காண்க.

கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திலே இதனை வேறொரு வகையால் விரித்துரைப்பார். பிரணவத்தின் பொருள் அறியாது மயங்கிய பிரமனை முருகன் சிறையிலிட்டான். சிறையிலிட்டதோடு நில்லாமல், படைப்புத் தொழிலைத் தானே மேற்கொண்டான். பின்னர்ச் சிவபெருமான் சொல்லப் பிரமனை விடுவித்தான். (தந்தை மகனிடம் வந்து கேட்பது இழிவன்றோ என்று சிலர் ஐயுறுவர். மகன் தந்த தீர்ப்பை மகனே மாற்றும்படி செய்த பெருந்தன்மை அது. இல்லறத்தாராகிய நாம் இதனைச் சற்று ஊன்றிப் படித்தல் நன்று.) இக்கதையின் உட்பொருளை நோக்குங்கள். பிரமன் இல்லாத காலத்திலும் படைப்பு நின்றுவிடவில்லை. ஆகவே படைத்தல் பிரமனுடைய சொந்த ஆற்றல் அன்று. அவருக்குத் தரப்பட்ட பதவி. தரப்பட்டதாதலின் பறிபோகவும் கூடும். பணிந்தால் மீளவும் கிடைக்கும். மகேந்திரவர்மன் காலத்தில் தனி இல்லம் பெற்றதும், பின்னர்க் கோட்டத்தில் நின்றதும், பத்மகிரியில் தவமிருந்ததும், ஆவினன்குடியில் பிறர் பரிந்து பேச நின்றதும் இப்பொருளையே பலவாறு உணர்த்துவன.

பதவி என்றால் அதனைத் தருபவன் ஒருவன் இருத்தல் வேண்டுமல்லவா? அங்கேதான் சைவ சித்தாந்தம் ஐந்தொழிலைக் கூறுகின்றது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன அவை. பிரமன் படைத்தலையும், திருமால் காத்தலையும், உருத்திரர் அழித்தலையும், மகேசுவரர் மறைத்தலையும், சதாசிவர் அருளலையும் நிகழ்த்துவர் என ஆகமங்கள் வகுத்துரைக்கும். நம்மவர் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. மும்மூர்த்திகளுள் ஒருவராக எண்ணப்படும் உருத்திரர் வேறு. மூவர்க்கும் அப்பாற்பட்டு அவர்கட்கு ஆற்றல் நல்கும் பரசிவம் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே “மூவருள் யார் பெரியர்” என்னும் வழக்குகள் திண்ணைகளில் முடிவின்றி நடந்தன.

ஐந்தொழிலையும் ஒரே திருமேனியிற் காண விரும்புவோர் நடராசப் பெருமானை நோக்குக. துடியேந்திய கரம் படைப்பு. அமைத்த கரம் காப்பு. தீயேந்திய கரம் ஒடுக்கம். ஊன்றிய திருவடி மறைப்பு. தூக்கிய திருவடி அருள். மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்திலே இவ்வாறு பொருள்கொண்டு நம்மை உய்வித்தார்.

இவற்றுள் அழித்தல் என்னும் சொல்லைக் கேட்டுப் பலர் நடுங்குகின்றனர். நடுங்க வேண்டியதில்லை. பாவு தீர்ந்தபின் நெசவாளர் துணியைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கின்றார். அது தறியை அழித்தலாகுமா? அடுத்த பாவு ஏறும்வரை தறிக்கு ஓய்வு. பிறந்தும் இறந்தும் இளைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் அத்தகைய ஓய்வே சங்காரம் என்பது சித்தாந்தத் துணிபு. எவனிடத்தில் உலகம் ஒடுங்குகின்றதோ அவனிடத்திலிருந்தே மீளத் தோன்றுதல் வேண்டும். ஆதலின் ஒடுக்குபவனே முதல்வன் என்று மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே நிறுவினார். மறைத்தலும் இரக்கமின்மை அன்று. எழுத்தறியாக் குழந்தைக்கு ஆசிரியர் தம் கல்வி முழுவதையும் ஒருநாளிலே காட்டுவதில்லை. தம் பெருமையை மறைத்துக்கொண்டு அகரத்திலே தொடங்குகின்றார். குழந்தை வளர வளரத் திரை விலகுகின்றது. உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்து நிற்பதும் அவ்வாறே.

திருமாலின் பெருமையைக் கூறுமிடத்துச் சைவப் பேச்சாளர் சிலர் சொல்லை அடக்குவதில்லை. அது நமக்கு அழகன்று. திருவீழிமிழலைத் தலபுராணத்தை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் ஆயிரந் தாமரை சாத்தி வழிபட்ட திருமாலுக்கு ஒருநாள் ஒரு மலர் குறைந்தது. தம் கண்ணையே பறித்து மலராகச் சாத்தினார். பெருமான் மகிழ்ந்து சக்கரம் அளித்தார். இதனைக் கேட்டுத் திருமால் தாழ்ந்தார் என்று நகைப்பவர் கதையின் உயிரைத் தவறவிட்டவர். ஒரு மலர் குறைந்தால் “நாளை சேர்த்துச் சாத்துவோம்” என்று அமையும் நம்மைப் போன்றோர்க்கு நடுவே, கண்ணைத் தந்த பேரன்பர் அவர். காக்கும் பதவி அப்படிப்பட்டவரிடம் இருப்பதன்றோ உலகிற்கு நலம்! வைணவ அன்பர்கள் தத்தம் நூல்வழி இதனை வேறாகக் கொள்வர். அதன்பொருட்டு அவரோடு பிணங்குதல் வேண்டா.

கோயில் எழுப்பிய பெரியோர் பிணங்கவில்லை என்பதற்குத் தாடிக்கொம்பே போதும். குடகனாற்றங்கரையிலுள்ள அத்திருமால் திருக்கோயிலின் மண்டபத் தூண்களிலே ஊர்த்துவ தாண்டவர் ஆடுகின்றார். அகோர வீரபத்திரர் நிற்கின்றார். சிவமூர்த்தமாகிய சொர்ண ஆகருசண பைரவருக்குத் தேய்பிறை அட்டமிதோறும் அங்கே பெருங்கூட்டம். பெருமாளைத் தொழவந்தவர் பைரவரையும், பைரவரைத் தொழவந்தவர் பெருமாளையும் கண்டே திரும்புகின்றனர். தெற்கே சங்கரன்கோவில் வரலாறும் இத்தகையதே. சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் இருவர், சிவனா திருமாலா பெரியர் என வழக்கிட்டு அம்பிகையிடம் சென்றனர். அம்பிகை தீர்ப்புச் சொல்லவில்லை, தவம் இருந்தாள். தவத்தின் பயனாக இருவரும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தனர். ஆடித்தபசு விழா இன்றும் அதனை நினைப்பூட்டுகின்றது.

அம்பிகை யார்? சுடருக்கு ஒளிபோலச் சிவத்தை விட்டுப் பிரியாத ஆற்றலே சத்தி. ஐந்தொழிலும் அவள் வழியாகவே நிகழ்கின்றன. திண்டுக்கல் மக்கள் காளத்தீசுவரர் ஆலயத்தை “அபிராமி அம்மன் கோயில்” என்றே வழங்குவதில் பெருந்தத்துவம் அடங்கியிருக்கின்றது. சுடரைத் தேடி வருவோர்க்கு முதலில் எட்டுவது ஒளியன்றோ! பாலை நிலத்து மறவர் பரவிய கொற்றவை, கோட்டத்திலே எருமைத்தலைமீது நிற்கும் துர்க்கை, ஊர்தோறும் வெம்மையையும் அம்மையையும் தணித்தருளும் மாரி ஆகிய எல்லாரும் அவ்வொரு சத்தியின் திருவுருவங்களே. மாரி என்றால் மழை. பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டிய சமவெளியிலே தாயை மழையென்றே அழைத்த அன்பைச் சிறுதெய்வ வழிபாடு என ஒதுக்குவது கற்றவர் செய்யும் சிறுமையே ஆகும்.

பிள்ளையாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் பேசப்படாத அவர், தேவாரக் காலத்தில் சம்பந்தப் பெருமான் திருவாக்கில் இடம்பெற்று, பின்னர் ஆலமரத்தடிகளெல்லாம் தமவாக்கிக்கொண்டார். முருகனோ குறிஞ்சி நிலத்துச் சேயோனாக நம்மோடு தொன்றுதொட்டு இருப்பவன்.

இனி, நாம் தொடக்கத்திலே கூறிய அச்சத்திற்கு அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே நேரே விடை பகர்கின்றார். அவர் கருத்து இது: நீங்கள் எத்தெய்வத்தை வழிபட்டாலும், உமையொருபாகனே அத்தெய்வமாகி நின்று உங்கள் வழிபாட்டை ஏற்றுப் பயன் தருவான். ஏனெனில் பிற தெய்வங்கள் பிறப்பு, இறப்பு, துன்பம், வினை ஆகியவற்றுக்கு உட்பட்டன. அவற்றுக்கு உட்படாத ஒருவனே அனைத்தையும் அறிந்து பயனளிக்க வல்லவன். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட தாயின் கண்ணீரை ஏற்றவனும் அவனே. வரதராசரிடம் நின்ற முதியவரின் துளசியை ஏற்றவனும் அவனே. அவ்வாறாயின் தன்னை வணங்கியதற்காகத் தானே சினப்பது எங்ஙனம்? நேர்ந்ததை நேர்ந்த இடத்திலே செலுத்துக. அதற்காக எந்தச் சந்நிதியிலும் தலைகுனிய வேண்டுவதில்லை.

திருவிழா நாட்களில் கருவறையை வலம்வரும்போது விரைந்து செல்லாதீர்கள். தெற்கே கல்லாலின்கீழ் மோன குருவாகிய தென்முகக் கடவுள். மேற்கே பெரும்பாலான தலங்களில் அடிமுடி காணவொண்ணாத இலிங்கோற்பவர். வடக்கே நான்முகனும் துர்க்கையும். ஒவ்வோரிடத்திலும் ஒரு நொடி நின்றால், இங்கே சொல்லியவை யாவும் கல்லிலே எழுதியிருப்பதைக் காணலாம். வடபுறத்திலே, திருமஞ்சன நீர் வெளிவரும் கோமுகியின் பக்கத்தே, தனிச் சிற்றாலயத்தில் அமர்ந்திருப்பவர் சண்டேசுவரர். அவர் வானத்துத் தேவரல்லர். சேய்ஞலூரிலே பசு மேய்த்த விசாரசருமர் என்னும் சிறுவர். மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டிய அவருக்குப் பெருமான் தொண்டர்களுக்கெல்லாம் தலைமை தந்து, தாம் சூடிய மாலையையும் தம் திருவமுதின் மிச்சிலையும் உரிமையாக்கினார். அம்மாலையைப் பெருமானே சூட்டும் காட்சியை முதலாம் இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடபுறத்திலே இன்றும் காணலாம். நான்முகன் பெற்றது போன்ற பதவியை ஆனிரை மேய்த்த ஓர் இளைஞரும் பெற்றார்.

அவர் சிவத்தியானத்தில் இருப்பவர். அவர் முன்னே உரக்கக் கைதட்டுதல் தகாது. ஆடையிலிருந்து நூலை இழுத்து அவர்மேல் போடும் வழக்கமும் வேண்டா. ஒரு நூலின் அருமையை நாகல் நகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிவன் சொத்து எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்பதற்கு அறிகுறியாக இரு கைகளையும் மெல்லத் துடைத்துக் காட்டி, ஓசையின்றி வணங்கி வெளிவருதலே முறை.

திருச்சிற்றம்பலம்.